யேசுரட்ணம் கிளாக்கரின் மூன்று மணி

“நானுஓயா ரயில் பிந்தும், துரை பங்களா மணிக்கூடு பிந்தும், என் விசில் ஒரு நிமிஷமும் பிந்தாது!”

1979 தை மாதத்தில், நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீஸ் கிளாக்கர் யேசுரட்ணம் இப்படிப் பிரகடனம் செய்ய, அகில இலங்கைப் பெண்கள் உதைபந்தாட்ட லீக் பிறந்தது. அகில இலங்கை நோர்வூட்டில் தொடங்கி றொசல்லவில் முடிந்தது. ஐந்து தோட்டங்கள், ஐந்து அணிகள். தலைவர், செயலாளர், மத்தியஸ்தர் மூவரையும் ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள்; மூவரும் யேசுரட்ணம், அந்த ஒரு மனமும் அவருடையதே.

சட்டமும் அவரே எழுதினார். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியையும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, அடுத்தவர் மைதானத்தில் ஒருமுறை சந்திக்கும். வென்றால் இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. முதலிரண்டு அணிகளுக்கு இறுதியாட்டம். மூன்று மணி விசிலுக்கு மைதானத்தில் நிற்காத அணி தோற்றது.

இறுதியாட்டம் மே மாதக் கடைசி ஞாயிறு என்று டைப் அடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார். மே வந்தது, மலை முழுக்கக் கொழுந்து துளிர்த்தது. “ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்து, பறித்த அன்றே காசு, எல்லோரும் மலைக்கு” என்று தோட்ட மனேஜர் துரை சொன்னதையும் அவரே டைப் அடித்து, பக்கத்திலேயே ஒட்டினார். இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை.

அந்த ஞாயிறு மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. றொசல்ல அணி ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்து நின்றது. எட்டு ஆட்டத்திலும் தோற்காத சொந்தத் தோட்டத்துப் பெண்கள் எதிர்மலையில் கூடையோடு நின்றார்கள்.

“கப்பு எங்களுக்குத்தானுங்களா?” என்றாள் றொசல்ல கேப்டன் பெற்றீசியா.

“சட்டம் அப்படித்தாம்மா சொல்லுது.”

“இந்தத் தகரத்துக்கா ரயில் ஏறி வந்தோம்? உங்க கேப்டன் சீதாலெட்சுமி போன மாசம் என் கால மிதிச்சா. அவளுக்கு ஒரு கோல் அடிக்காம நாங்க பஸ் ஏற மாட்டோம்ங்க.”

யேசுரட்ணம் மலையைப் பார்த்தார், சட்டத்தாளைப் பார்த்தார், விசிலைச் சட்டைப் பையில் போட்டார்.

கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிந்ததும் பெண்கள் மடுவத்திலிருந்து ஓடி வந்தார்கள். இடுப்பில் சாக்குப் படங்கு அவிழ்க்கப்படவில்லை. முன்னால் வந்த கேப்டன் சீதாலெட்சுமிக்கு மூச்சு வாங்கியது.

“கிளாக்கரய்யா, தோத்துட்டோமாங்க?”

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு கைக்கடிகாரத்தின் திருகைத் திருகிக்கொண்டிருந்தார்.

“இன்னும் மூணு ஆகல. படங்க அவுத்து வச்சுட்டு வரிசையா நில்லுங்க.”

அவர் விசில் ஊதியபோது, பெக்டரியில் நாலரை மணிச் சங்கும் ஊதியது.