மிஸ்ஸிக்குச் சொல்லாமல் விட்டது

புதன்கிழமை காலை பத்து மணி வாக்கில் என் மேசைத் தொலைபேசி அடித்தால் அது மிஸ்ஸியாகத்தான் இருக்கும். மற்ற அழைப்புகளெல்லாம் கைத்தொலைபேசிக்குப் போய்விட்ட காலம் அது. அந்தப் பழைய மேசைத் தொலைபேசிக்கு வாரத்தில் ஒரு தடவைதான் உயிர் வரும். எடுத்ததும் மறுமுனையில் சற்றே தொண்டை கட்டிய குரல் கேட்கும். "பிள்ளை, இந்தக் கிழமை விளையாட்டு எங்கை, எத்தினை மணிக்கு?" நான் இடத்தையும் நேரத்தையும் சொல்வேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்கும். ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, "வாறன் பிள்ளை" என்று வைத்துவிடுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான் அப்போது மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டுப் பிரிவில் கிராணி, அதாவது எழுத்தர். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். வேலை ஒப்பந்த அடிப்படையில். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பாக்கார் ஆராங்கில் ஒரு வரிசை வீட்டில் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். இந்த விவரங்களையெல்லாம் என் பக்க நியாயம் என்று சொல்லவில்லை. நான் எதற்குப் பயந்தேன் என்பது தெரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மருத்துவமனைத் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகியிருந்தும் அந்தப் பெயர் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். இங்கே பிறந்தவர்தான் என்றாலும் வீட்டுப் பேச்சு அவர் நாக்கை விட்டுப் போகவேயில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அலோர் ஸ்டாரில், மெர்கோங்கில், ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். தாதிப் பயிற்சிக் காலத்தில் ஹாக்கி விளையாடியவராம். ஒரு சனிக்கிழமை தோழியைப் பார்க்க சுங்கை பட்டாணிக்கு வந்த இடத்தில் எங்கள் கல்லூரிப் பெண்கள் திடலில் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. மெர்கோங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். சிமெண்டுப் படியில் மூன்றாவது வரிசை. கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கத்தமாட்டார், கை தட்டுவதுகூட அளவாகத்தான். பந்து எதிரணியின் காலில் பட்டு நடுவர் கவனிக்காமல் விட்டால் மட்டும் "கால்... கால்..." என்று மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்வார். ஆட்டம் முடிந்ததும் பெண்களில் யாருக்காவது வீக்கம், சிராய்ப்பு என்றால் கூப்பிட்டுப் பார்ப்பார். கோல்கீப்பர் பெண்ணுக்கு முழங்காலில் ஓயாத தொல்லை. அதற்கு எப்படிக் கட்டுப் போடவேண்டும் என்று கற்றுக்கொடுத்தது மிஸ்ஸிதான்.

ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் என்று பெரிய கூட்டமொன்றும் கிடையாது. சில பெற்றோர்கள், ஓய்வுபெற்ற ஒரு லோரி ஓட்டுநரும் அவர் மனைவியும், விடுதிப் பிள்ளைகள் நாலைந்து பேர், அப்புறம் மிஸ்ஸி. இத்தனை பேருக்கு ஆட்டம் எங்கே, எப்போது என்று ஒழுங்காகச் சொல்வது கடினமான காரியமே இல்லை. ஆனால் எங்கள் பிரிவு அதைக்கூடச் செய்யவில்லை. முகநூலில் பக்கம் ஒன்று இருந்தது. அதில் எங்கள் இயக்குநர் யாருக்காவது கைகொடுக்கும் படம் உடனே ஏறிவிடும். ஆட்ட அறிவிப்பு, ஆட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து வரும். கேள்வி கேட்டு எழுதியவர்களுக்குப் பதில் போகாது. லோரிக்காரர் ஒரு தடவை, "ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னாவது போடுங்க லா" என்று எழுதினார். அதையும் யாரோ அழித்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தை இரண்டு மணி நேரம் முன்னதாகவே வைத்துவிட்டார்கள். புதன்கிழமை நான் சொன்ன நேரத்துக்கு மிஸ்ஸி வந்தபோது பெண்கள் மட்டைகளைப் பையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லை, கோல்போஸ்ட்டையாவது பாத்தன்" என்று சிரித்தார். லோரிக்காரர் சிரிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கே வந்து சத்தம் போட்டார். அவர் போனதும் இயக்குநர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "இனி போன்ல யாருக்கும் ஒன்னும் சொல்லாதே. எது சொன்னாலும் போஸ்டர் போட்டு, மேல அனுமதி வாங்கி, முகநூல் பக்கத்துலதான் வரணும். நீ ஒன்னு சொல்லி, அது மாறிப்போச்சுன்னா பேர் யாருக்குக் கெடும்?" நான் தலையாட்டினேன். ஆனால் புதன்கிழமை பத்து மணிக்கு மட்டும், இயக்குநரின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே, மிஸ்ஸிக்குச் சொல்லி வந்தேன்.

அந்த வருடம் எங்கள் பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கல்லூரி வரலாற்றில் அது முதல் தடவை. ஆட்டம் எங்கள் திடலில்தான் என்று முடிவாகியிருந்தது. புதன்கிழமை மிஸ்ஸி கேட்டபோது அதைத்தான் சொன்னேன். "எங்கட திடல்லையோ!" என்றார். எங்கட என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஆட்டத்தை மாற்றினார்கள். தொடர்மழையில் எங்கள் திடலில் தண்ணீர் நின்றது. எதிரணி பக்கத்து மாநிலமான பேராக்கிலிருந்து வருகிறது, இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று பண்டார் பாருவில் ஒரு திடலைப் பிடித்துவிட்டார்கள். கெடாவின் தெற்குக் கோடி அது. நான் இயக்குநரிடம் போய், "பார்க்க வர்றவங்களுக்குச் சொல்லிறலாமா சார்?" என்று கேட்டேன். "போஸ்டர் மேல போயிருக்கு. வந்ததும் போட்டுறலாம்" என்றார். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வியாழன் மாலை அலுவலகத்தைப் பூட்டினால் ஞாயிறு காலைதான் திறப்பார்கள். அந்தப் போஸ்டர் வரப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிஸ்ஸியின் எண் என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. என் ஒப்பந்தத் தாள் இயக்குநர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வியாழன் மாலை சொல்ல முடியவில்லையென்றாலும் வெள்ளி முழுக்க இருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு தடவை அந்த எண்ணை எடுத்துப் பார்த்தேன். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்வதற்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை என்பதை நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பெண்களோடு பஸ்ஸில் நானும் பண்டார் பாருவுக்குப் போனேன். எதிரணிக்குப் பேராக்கிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், மேளத்தோடு. எங்கள் பக்கத்தில் நானும் தண்ணீர்ப் போத்தல்களும்தான். பெண்கள் வரிசையில் நிற்கும்போது ஓயாமல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் என்னிடம் ஓடி வந்து, "அக்கா, மிஸ்ஸி வரலையா? மழைக்கு எங்கயும் மாட்டிக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். "வருவாங்க" என்றேன்.

இடைவேளையில் என்னால் தாங்க முடியவில்லை. நிழலுக்கு ஒதுங்கி மிஸ்ஸியை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மிஸ்ஸி, எங்க இருக்கீங்க?"

"எங்கை இருக்கிறது? உங்கட திடல் வாசல்லைதான். கேட் பூட்டிக் கிடக்கு. காவல்காரனிட்டைக் கேட்டன், தனக்கு ஒண்டும் தெரியாதாம். மழை எண்டபடியா பிந்துதோ பிள்ளை?"

"மிஸ்ஸி, பண்டார் பாருல நடக்குது. இடத்த மாத்திட்டாங்க."

பின்னால் ஏதோ ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டது.

"எப்ப மாத்தினவை?"

"வியாழக்கிழமை."

"உனக்கு அண்டைக்கே தெரியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும் மிஸ்ஸி" என்றேன்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்காததுபோல, "இப்ப ஆர் முன்னுக்கு?" என்றார்.

"இன்னும் கோல் இல்ல."

"கோல்கீப்பர் பிள்ளையின்ரை முழங்கால்?"

"கட்டுப் போட்டு ஆடுறா."

"சரி. வை பிள்ளை. உனக்கு வேலை இருக்கும்."

எங்கள் பெண்கள் ஜெயித்தார்கள். ஒரே ஒரு கோல். கடைசி நிமிடங்களில் எதிரணி அடித்த பந்தை எங்கள் கோல்கீப்பர் வலது காலை நீட்டித் தடுத்துவிட்டு அப்படியே தரையில் கிடந்தாள். நான் ஒருத்தி கை தட்டினேன். அந்தப் பெரிய திடலில் அது கொசு அடிப்பதுபோலக் கேட்டது. பரிசு வாங்கி முடித்ததும் அந்தப் பெண் என் தொலைபேசியை வாங்கி மிஸ்ஸியிடம் பேசினாள். நான் தள்ளி நின்றேன். அவள் அழுது, சிரித்து, ஆட்டம் முழுவதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். திருப்பிக் கொடுத்தபோது அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோப்பையோடு இயக்குநர் நிற்கும் படம் முகநூல் பக்கத்தில் ஏறியது. "பாத்தியா, இடம் மாத்துனதுக்கு ஒரு கம்ப்ளேனும் வரல" என்று என்னிடம் சொன்னார். அன்றே என் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புதன்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஆட்டங்கள் முடிந்துவிட்ட பருவம்தான், அடிக்கக் காரணமும் இல்லை. இருந்தாலும் பதினொரு மணி வரைக்கும் நான் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மெர்கோங்குக்குப் போனேன். முகவரி கேட்டு, கடைவரிசையைத் தாண்டி வீட்டைக் கண்டுபிடித்தேன். மிஸ்ஸி ஆச்சரியப்படவில்லை. "வா பிள்ளை" என்று உட்காரவைத்து, தேநீர் போட்டு, பிஸ்கட் தட்டு வைத்து, என் வேலையைப் பற்றி, அம்மாவின் சர்க்கரை வியாதியைப் பற்றியெல்லாம் கேட்டார். ஹாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானாகத்தான் அந்தப் பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ பயந்தனி. அது எனக்கு விளங்குது. வார்டிலை நானும் பயந்திருக்கிறன். டொக்டர் சொல்லாதை எண்டால், வாசல்லை நிக்கிற தாய்க்குக்கூடச் சொல்லாமல் நிண்டிருக்கிறன். உன்னிலை எனக்குக் கோவம் இல்லை." பிறகு, மெல்ல: "எனக்குச் சனிக்கிழமை ஒரு இடத்துக்குப் போக வேணும், அங்கை என்னைத் தேடுவினம் எண்டு ஒரு நினைப்பு. அண்டைக்கு அந்தக் கேட்டடியிலை நிண்டுகொண்டு யோசிச்சன். இந்த மனிசிக்குச் சொல்ல வேணும் எண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லையே எண்டு."

பெண்கள் தேடினார்கள் மிஸ்ஸி, ஆட்டம் தொடங்கும் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது என் குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்று பட்டது. சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது நினைத்தால் அன்றைக்கு அதையாவது சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு செய்திதான். இரண்டாவது தடவையும் நான் அவருக்குச் செய்தி சொல்லாமல் விட்டேன்.

அடுத்த பருவத்திலிருந்து நானாகவே ஒரு காரியம் செய்யத் தொடங்கினேன். வியாழன் மாலை வீட்டுக்கு வந்ததும் என் சொந்தத் தொலைபேசியிலிருந்து, ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இடமும் நேரமும் அனுப்பிவிடுவேன். மாறினால் அந்த நிமிடமே மறுபடி அனுப்புவேன். இயக்குநருக்குத் தெரியவந்தது. முறைத்தார், ஒன்றும் ஆகவில்லை. அத்தனை சுலபமாக இருந்தது அது. லோரிக்காரரும் மனைவியும் திரும்ப வந்தார்கள். பெற்றோர்கள் கூடுதலாக வந்தார்கள். மிஸ்ஸிக்கு அனுப்பும் செய்திகளில் சற்று நேரத்தில் இரண்டு நீலக் கோடுகள் விழும். படித்துவிட்டார் என்று அர்த்தம். பதில் வராது. அவரும் வரமாட்டார். மூன்றாவது படியில் சில நாள் நானே போய் உட்கார்ந்து பார்ப்பேன்.

போன வாரம் பாக்கார் ஆராங்கில் மளிகைக் கடையில் அந்தக் கோல்கீப்பர் பெண்ணைப் பார்த்தேன். படிப்பு முடித்து, தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறாள். முழங்காலைப் பற்றிக் கேட்டேன். இப்போது தொல்லை இல்லை என்றாள்.

"மிஸ்ஸி சொன்ன மாதிரிதான் இன்னும் கட்டுறேன் க்கா. அவங்கதான் பாவம், பெர்த்துல குளிர் தாங்கலையாம்."

எனக்குப் புரியவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். மிஸ்ஸியின் தம்பி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறதாம். மெர்கோங் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்றாம்.

"போறதுக்கு முன்னாடி எங்க டீம்ல எல்லாருக்கும் ஒவ்வொருத்தரா போன் அடிச்சுச் சொன்னாங்க லா. ஒருத்தரையும் விடல. லோரி அங்கிளுக்குக்கூட அடிச்சாங்க. உங்களுக்கும் அடிச்சிருப்பாங்கல்ல?"

"அடிச்சாங்க" என்றேன்.

சாமான்களைக் காரில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, சுங்கை பட்டாணித் திடல், மாலை நாலரை என்று அவருக்கு அனுப்பியிருந்தேன். படித்திருந்தார்.