இருட்டில் கேட்ட ஜாஸ்

ஆரணியில் என் கல்யாண வரவேற்புக்கு மெல்லிசைக் குழு வேண்டாம், ஜாஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான். சாக்ஸபோன் வாசிக்கும் என் கல்லூரித் தோழி, கீபோர்டு, டிரம்ஸ் வாசிக்கும் இரண்டு நண்பர்களோடு சென்னையிலிருந்து வந்திருந்தாள். எனக்கு மனப்பாடமான ஒரு பழைய ஜாஸ் பாட்டைத் தொடங்கினார்கள்.

"இன்னாம்மா இது? பாட ஆளே இல்ல, சும்மா ஊதிகினே இருக்காங்க" என்றார் என் மாமா. கூட்டம் பந்திக்கு எழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. மைக்கும் கீபோர்டும் ஊமையாகிவிட்டன. தோழி நிறுத்தவில்லை. வாசித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி ஜனங்களுக்கு நடுவே நடந்தாள். டிரம்ஸ்காரர் குச்சிகளை வைத்துவிட்டு விரல்களால் மெல்லத் தட்டினார். கீபோர்டுக்காரர் கைதட்டித் தாளம் கொடுக்க, மண்டபமே அதில் சேர்ந்துகொண்டது. பந்திக்குக் கிளம்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

விளக்கு வந்ததும் மாமா அவளிடம் போனார்.

"அதே பாட்ட இன்னொரு வாட்டி ஊதும்மா."

வாசித்தாள். இந்த முறை அது துள்ளிக்கொண்டு ஓடியது.

"நான் கேட்டது இது இல்லியே?"

"அதே பாட்டுதாங்க. மெட்டு ஒண்ணுதான், நடுவுல வர்றதெல்லாம் அப்பப்போ தோணுறது."

"அப்போ இருட்டுல ஊதுனது?"

"இனிமே வராதுங்க" என்று சிரித்தாள்.



அன்று இருட்டில் கேட்டதை யாரும் பதிவு செய்யவில்லை. எல்லாருடைய செல்போனும் அவள் நடக்க வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது.