ஐந்து கை உப்பு

ருசி பார்த்து உப்பு குறைவாக இருந்தால் என் கை தானாக உப்பு ஜாடிக்குப் போய்விடும். நான் பிறந்தது மரக்காணத்தில். அப்பா, அம்மா இருவருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. மேலே வாரிய உப்பா, அடிமண் கலந்த உப்பா என்று நாக்கில் வைத்தாலே சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம்தான் 2005இல் என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது. கேட்டரிங் படித்துவிட்டு கிச்சனுக்கு வரும் பெண்கள் என்னிடம் அனுபவம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்பதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

1. பாத்திரம் கழுவப் போன இடம்

கல்யாணமாகி பொம்மையார்பாளையம் வந்தேன். வீட்டுக்காரர் பெயின்டர். மழைக்காலத்தில் அவருக்கு வேலை இருக்காது. இடையஞ்சாவடியில் ஒரு ஜப்பான்கார அம்மா சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறார், பாத்திரம் கழுவ ஆள் தேடுகிறார் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஒருத்தி சொன்னாள். மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

கீற்றுக் கொட்டகை, ஆறு பெஞ்சு, பின்னால் ஓடு போட்ட கிச்சன். போர்டு கிடையாது. விற்பது ஒரே பண்டம், ராமென். பெரிய கிண்ணத்தில் கோழி எலும்பு சூப், அதற்குள் கையால் மாவு பிசைந்து மிஷினில் பிழிந்த நூடுல்ஸ், மேலே இரண்டு துண்டு பன்றி இறைச்சி, பாதி முட்டை, வெங்காயத்தாள். ஆரோவில் வெள்ளைக்காரர்களும், பாண்டிச்சேரியிலிருந்து பைக்கில் வரும் காலேஜ் பிள்ளைகளும் சாப்பிட வருவார்கள்.

முதலாளி பெயர் எமிகோ. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'பிலோ சான்' என்பார், சான் என்பது அவர்கள் ஊர் மரியாதைச் சொல். பிலோமினா என்ற பெயரை முழுசாகச் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை. தமிழ் பேசுவார், ஆனால் வார்த்தைகளை விறகு அடுக்குவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். முதல் நாள் நான் கழுவி வைத்த கிண்ணங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிலோ சான், சோப்பு வாசனை இருக்கு. மறுபடி."

மூன்று முறை கழுவினேன். என்னடா இது, மாமியார் வீட்டைவிட மோசமாக இருக்கிறதே என்று நினைத்தேன். நான்காவது முறை அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கிண்ணங்களைக் கழுவினார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

2. செபமும் நூடுல்ஸும்

ராமென் வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்து நிமிஷம் வைத்தால் நூடுல்ஸ் ஊதிப்போய்க் கஞ்சியாகிவிடும். அதனால் கடையில் பார்சல் கிடையாது. "ஏம்பா, ஒரு கவர்ல கட்டிக் குடுக்க மாட்டீங்களா, என்ன கடை இது?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

நம் ஆட்கள் சாப்பிடும் முறை அக்காவுக்குப் பெரிய தலைவலி. ஜப்பான்காரர்கள் சர்சர்ரென்று சத்தமாக உறிஞ்சுவார்கள், சத்தம் வந்தால்தான் அவர்களுக்கு மரியாதை. நம்மவர்களோ சத்தம் வராமல் ஒவ்வொரு நூலாக ஃபோர்க்கில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, எங்களைப் போல வேதக்காரர்கள். எட்டுக் கிண்ணம் வைத்தாயிற்று. பெரியவர் கண்ணை மூடிச் செபம் ஆரம்பித்தார். உடம்பு சரியில்லாத சித்தப்பா, பரீட்சை எழுதும் பையன் எல்லோரும் அதில் வந்தார்கள். கிச்சன் வாசலில் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எப்ப முடியும்?" என்று என்னிடம் கிசுகிசுத்தார்.

"இன்னும் மாமியார் பேரு வரல அக்கா."

அடுத்த வாரத்திலிருந்து சப்ளை பார்க்கும் செல்வி ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுவாள். "செபம் இருக்குதுங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் கொண்டாரேன்." யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. செல்வி இடையஞ்சாவடிக்காரி, என்னைவிடச் சின்னவள். அவள் சிரித்துக்கொண்டு கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

3. அப்பா வருகிறார்

நான் சேர்ந்து மூன்றாவது மாதம். அதற்குள் வெங்காயத்தாள் நறுக்க, முட்டை வேகவைக்க, மாவு பிசைய என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்திருந்தது. சூப்புப் பானை மட்டும் அக்கா கையில். அதை அவர் ஒருவர்தான் ருசி பார்ப்பார்.

ஒரு நாள் மாவு பிசையும்போது அக்கா சொன்னார், அவருடைய அப்பா வருகிறாராம். ஊரில் நாற்பது வருஷம் ராமென் கடை நடத்தியவர். மகள் இந்தியாவில் கடை போடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருஷம் நடத்து, நான் வந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டுப் பார்ப்பேன், சரியில்லை என்றால் என்னோடு கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லி, மகளை ஒப்புக்கொள்ள வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு வருஷம் முடியப் போகிறது.

"சரியில்லன்னா?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா சொன்னதுதான். போகணும்" என்றார். மாவை நான்கு முறை அதிகமாகக் குத்தினார்.

எனக்கு வேலை போய்விடும் என்ற கவலை ஒரு பக்கம். இந்த அக்காவை விட்டுவிட்டு இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரியதாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், அன்றிரவு செபமாலை சொல்லும்போது ஒரு ஜப்பான் பெரியவரின் நாக்குக்காக வேண்டிக்கொண்டேன்.

அவர் வரும் நாள் விடியற்காலையிலேயே அக்கா காரில் சென்னை ஏர்போர்ட் கிளம்பினார். போகும்போது என்னை அடுப்பு முன்னால் நிற்க வைத்து விரல்விட்டுச் சொன்னார்.

"நெருப்பு சின்னது. நுரை வந்தா எடுங்க. வேற ஒண்ணும் வேணாம். பன்னண்டு மணிக்கு அப்பா சாப்பிடுவார்."

சரி என்றேன். பத்து மணி வரைக்கும் நுரையை மட்டும்தான் எடுத்தேன். பொன் நிறத்தில் சூப் தெளிந்து வந்தது, கிச்சனெல்லாம் வாசனை. அத்தனை நாள் தொடாத பானை இன்றைக்கு என் பொறுப்பில் இருக்கிறது என்ற பெருமையில் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன்.

உப்பே இல்லை.

செல்வியைக் கூப்பிட்டு அவள் கையிலும் ஊற்றினேன். "சுத்தமா இல்லக்கா. அப்பா வர்ற படபடப்புல மறந்துட்டாங்க போல" என்றாள்.

"போன் பண்ணிக் கேப்பமா?"

"கார்ல அப்பா பக்கத்துல இருப்பாரு. அவரு முன்னாடி உப்பு போட மறந்துட்டியான்னு கேக்கறதா? அசிங்கமாயிடும்க்கா."

அதுவும் சரிதான் என்று பட்டது. நாற்பது வருஷம் கடை நடத்திய அப்பாவுக்கு மகள் உப்பில்லாத சூப் ஊற்றினால் என்ன ஆகும்? முள்ளங்கி ஊறப்போட நான் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மரக்காணம் கல்லுப்பு ஜாடியில் இருந்தது. பானையைப் பார்த்தேன், கணக்குப் போட்டேன், ஐந்து கை போட்டேன். கலக்கி ருசி பார்த்தால் அமிர்தம். எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கே ஊற்றலாம். அக்கா மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நானும் செல்வியும் ஆளுக்கொரு டீ போட்டுக் குடித்தோம்.

4. மூக்கு

பன்னிரண்டுக்குக் கார் வந்தது. அப்பா குள்ளமாக, முதுகு நேராக இருந்தார். எங்களுக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அக்கா உள்ளே வந்து கை கழுவி, கிண்ணத்தில் ஒரு கருப்புத் தண்ணியைச் சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி விட்டார். எப்போதும் விடுவதுதான். சோயா, கருவாடு எல்லாம் போட்டுக் காய்ச்சி ஜாடியில் வைத்திருப்பார், பெயர் தாரே. நிறத்துக்காக விடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன்மேல் சூப் ஊற்றி ஒரு வாய் வைத்துப் பார்த்தார்.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். "நல்லா இருக்குதாக்கா? நீங்க உப்பு போட மறந்துட்டீங்க. நான் போட்டுட்டேன்."

அக்கா மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. தாரே ஜாடியைக் காட்டி மெதுவாகச் சொன்னார்.

"உப்பு இதுல இருக்கு பிலோ சான். பானைக்கு எப்பவும் உப்பு இல்ல. கிண்ணத்துக்குத்தான் உப்பு. குழந்தைக்குக் கொஞ்சம். வெயில்ல வேலை செஞ்சவருக்கு ஜாஸ்தி."

பிறந்ததிலிருந்து பானைக்கு உப்புப் போட்டவள் நான். கிண்ணத்துக்கு உப்புப் போடுகிற ஊர் ஒன்று இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். ஆனால் வேற ஒண்ணும் வேணாம் என்று அவர் சொன்னது நல்ல தமிழில்தான் இருந்தது.

வேறு சூப் வைக்க எட்டு மணி நேரமாகும். அக்கா எழுந்தார். தாரே விடாமல் வேறு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, நூடுல்ஸ் போட்டு, இறைச்சி, முட்டை எல்லாம் அழகாக அடுக்கித் தானே கொண்டுபோய் வைத்தார்.

நாங்கள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அப்பா உறிஞ்சினார். முதல் வாய்க்குச் சத்தம் வந்தது. அப்புறம் சத்தம் குறைந்துபோயிற்று. நூடுல்ஸ் முழுவதையும் சாப்பிட்டார். சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நேராகக் கிச்சனுக்குள் வந்தார். பானையைத் திறந்து ஒரு துளி நாக்கில் வைத்தார். அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். உப்பு யார் போட்டது என்றுதான் கேட்கிறார், அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பான்காரர்கள் 'நான்' என்று சொல்லும்போது நம்மைப்போல நெஞ்சைத் தொடமாட்டார்கள், ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொடுவார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு தன் மூக்கைத் தொட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. முன்னால் போய் என் மூக்கைத் தொட்டேன். "நான்தாங்க. அவங்க இல்ல. நான்."

அக்கா என்னைப் பார்க்காமல் மறுபடி தன் மூக்கைத் தொட்டார். நான் இன்னும் அழுத்தித் தொட்டேன். பின்னாலிருந்து செல்வி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று தன் மூக்கையும் தொட்டாள். மூன்று பெண்கள் ஆளுக்கொரு மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரியவர் முன்னால் நின்றோம்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைக் காட்டி மகளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் உப்பு போட்டீங்கன்னு கேக்கறார்" என்றார் அக்கா.

"உப்பு இல்லாம அப்பாவுக்கு ஊத்தினா பொண்ணுக்குத்தான அசிங்கம்? எங்க அக்கா அப்படித் தலைகுனிஞ்சி நிக்கக்கூடாதுன்னு போட்டேன். அப்படிச் சொல்லுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது, மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா அதை நீளமாகச் சொன்னார். பெரியவர் முழுவதையும் காது கொடுத்துக் கேட்டார். சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன், அக்கா அடுப்பை அணைக்கப் போய்விட்டார். பானையை நானும் செல்வியும் பாதிப் பாதியாக வீட்டுக்கு எடுத்துப்போனோம். சோற்றில் ஊற்றிச் சாப்பிட்ட அத்தனை பேரும் உப்பு பிரமாதம் என்றார்கள். அதைக் கேட்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

5. பாடம்

பெரியவர் எட்டு நாள் தங்கினார். நல்ல சூப்பை அவருக்கு ஊற்றினோம், குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார். நான் காலண்டரைப் பார்த்தபடியே பாத்திரம் கழுவினேன். ஒன்பதாம் நாள் அக்காவும் அவரும் காரில் ஏறினார்கள். அக்கா கையில் ஒரு பெட்டி இருந்தது. அது யாருடையது என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சமைக்கவே இல்லை.

சொல்ல வேண்டிய பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கிச்சனில் உங்கள் நாக்கை நம்புங்கள், கையை நம்பாதீர்கள். குறை என்று பட்டால் அந்தக் கிச்சன்காரரிடம் கேளுங்கள், அவருக்கு அசிங்கம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மீறிப் போட்டுவிட்டால், அடுத்தவர் மேல் பழி விழுவதற்குள் முன்னால் போய் நில்லுங்கள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா அடுப்படியில் நின்று கோழி எலும்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அப்பா தனியாப் போயிட்டார்" என்றார் திரும்பாமல்.

"அன்னிக்கு என்ன சொன்னாருக்கா?"

கையைத் துடைத்துக்கொண்டு யோசித்து, வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொன்னார்.

"சூப் ரொம்ப மோசம். ஆனா உன்னை இங்க விட்டுட்டுப் போக எனக்குப் பயம் இல்ல."

நான் அழுதேன். அவரும் அழுதார். அப்புறம் தாரே ஜாடியையும் அந்தச் சின்னக் கரண்டியையும் எடுத்து என் கையில் கொடுத்தார்.