வெறுங்கையால் பிசைந்த தவிடு

எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி முதலாளிக்குத் தொழில் மிளகு, ஆசை குதிரை. மூடிப்போன கிட்டங்கியின் பின்முற்றத்தில் மூன்றைக் கட்டியிருந்தார். இரண்டு ஆண், ஒன்று பெண். பெண்குதிரை பெங்களூரில் பந்தயம் ஓடிக் கழித்துவிடப்பட்டு வந்தவள். பாலக்காட்டுப் பக்கம் திருவிழாக்களில் குதிரை ஓட்டம் விடுவார்களே, அதற்குத்தான் மூன்றையும் பழக்கினார். பழக்குகிறவர் என் கணவர். தீனி போடுகிறவள் நான்.

மூன்று வாரத்துக்கு ஒருதரம் அவளுக்குப் பருவம் வரும். வந்தால் ஐந்தாறு நாளைக்கு அவள் அவளாக இருக்க மாட்டாள். வாலைத் தூக்குவாள், சொட்டுச் சொட்டாக மூத்திரம் விடுவாள், சேணத்து வாரை இறுக்கினால் உதைப்பாள். ஆண்குதிரைகள் கட்டைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும். அவளுடைய வாடை தெரியாமலிருக்க அவற்றின் மூக்கில் என் கணவர் சளித்தைலம் தடவுவார். முற்றமே ஜலதோஷம் பிடித்த வீடு மாதிரி மணக்கும்.

"ஆம்பளைங்க மூக்கை அடைச்சிட்டீங்க. அவ மனச எத வச்சு அடைப்பீங்க?" என்பேன்.

"எடீ, வாய மூடிட்டுத் தவிட்டக் கலக்கு" என்பார்.

போன வருஷத்து ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள், பக்கத்தில் ஓர் ஆண்குதிரை வந்ததும் நின்று வாலைத் தூக்கிவிட்டாள். சனம் விசிலடித்துச் சிரித்தது. முதலாளிக்கு முகம் செத்துப்போனது. இந்த வருஷம் குதிரை டாக்டரிடம் சொல்லி ஒரு மருந்து வாங்கி வந்தார். மஞ்சளாக, எண்ணெய் போல இருந்தது. தினமும் ஊசிக்குழலில் அளந்து தீனியில் விட்டால் பருவம் தலைகாட்டாதாம். கூடவே ஒரு பெட்டி ரப்பர் கையுறை. அதை மாட்டிக்கொண்டு என் கணவர் சாக்கடை ஓடையில் அடைப்பெடுத்தார்.

அவளுக்கோ கையால் பிசைந்தால்தான் இறங்கும். கரண்டியால் கிளறியதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் தவிடு, கொள்ளு, வெல்லம், அந்த மஞ்சள் எண்ணெய் எல்லாம் என் வெறுங்கையில்தான் ஒன்று சேர்ந்தன. மணிக்கட்டு வரை பிசுபிசுக்கும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

இரண்டாம் மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது.

அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வளைகாப்பு வீட்டில் எல்லோரும் வளையல் போட்டு முடித்தபிறகு உள்ளே போனால்தான் மரியாதை என்று யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டவள். நாற்பதாம் நாள் மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கிற பட்டை வாங்கிச் சோதித்தேன். ஒரே கோடு, அப்படியென்றால் இல்லை. பட்டை பழைய சரக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் மட்டும் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மோளே, ஆன கொடுத்தாலும் ஆச கொடுக்கருது" என்றாள். யானையைக் கொடுத்தாலும் கொடு, ஆசையை மட்டும் கொடுத்துவிடாதே என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் சொல்லும் பழமொழிகளைப் பொறுக்கிச் சேர்ப்பது எனக்கு வழக்கம். அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாள் தள்ளியிருக்கிறது என்று மட்டும் சொன்னதற்கே என் கணவருக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. இடக்கொச்சியில் இருக்கிற தங்கைக்கு அன்றே ஃபோன் போட்டார். நாத்தனார் அழுதாள். மறுநாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய மீன்குழம்பும் கப்பைக்கிழங்கும் கொண்டுவந்து, "அண்ணி, குனியாதீங்க, வாளி தூக்காதீங்க" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். வாளி தூக்குவதை விட்டேன். பிசைவதை விடவில்லை, உட்கார்ந்து செய்கிற வேலைதானே.

மூன்றாம் மாதமும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா கருவியை வயிற்றின் மேல் ரொம்ப நேரம் நகர்த்தினாள். "ஒண்ணுமில்லல்லோ" என்றாள், கருவே இல்லை என்று. "மருந்து வல்லதும் கழிக்குன்னுண்டோ?" ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய்யில்லை.

அதற்கடுத்த வாரம் குதிரை டாக்டர் பெண்குதிரையைப் பார்க்க வந்தார். நான் வட்டாவில் பிசைந்துகொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அய்யோ சேச்சி, எந்தா ஈ காணிக்குன்னது! கையுறை எவிடே?" என்ன காரியம் செய்கிறாய் அக்கா, கையுறை எங்கே என்று பதறினார்.

அந்த மருந்து தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், குதிரைக்குச் செய்வதைப் பெண்ணுக்கும் செய்யும், மாதவிலக்கையே நிறுத்திவிடும், பெண்கள் தொடவே கூடாது என்று முதலாளியிடம் தெளிவாகச் சொல்லியனுப்பினேனே என்றார். நான் கையைப் பார்த்தேன். பிறகு என் கணவரைப் பார்த்தேன்.

டாக்டர் போன பிறகு என் கணவர் கொள்ளு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"முதலாளி சொன்னாருடீ. பெண்ணுங்ஙள் தொடண்டான்னு அவ்வளவுதான் சொன்னாரு. நான் தீட்டுக்காகச் சொல்றாருன்னு நெனச்சேன். பந்தயக் குதிரைகிட்டப் பொம்பளை வரக்கூடாதும்பானுங்க இல்ல, அந்த மாதிரி. ஊரே உன்னை அதைத் தொடாதே, இதைத் தொடாதேங்குது. நானும் வந்து சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

அவரைத் திட்டத்தான் எழுந்தேன். குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். என் மனம் நோகக்கூடாதென்று ஒரு மனுஷன் விழுங்கிய ஒரே ஒரு சொல். ஆயிரம் பழமொழி தெரியும் எனக்கு, இதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

மருந்தைத் தொடாமலிருந்தால் விலக்கு தானாகத் திரும்பும் என்று டாக்டரம்மா சொன்னாள். இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் பெரிசு என்பதையும் அவளேதான் சொன்னாள். மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் திரும்பியது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெளியே சத்தம் கேட்காமலிருக்க.

வெளியே வந்தபோது ஃபோன் அடித்தது. நாத்தனார். ஆஸ்பத்திரி விஷயத்தை அவளிடம் இன்னும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணி, புளிமாங்கா பறிச்சு வச்சிருக்கேன். கொடுத்தனுப்பட்டா?"

"வேணாம்."

"ஏன், கொமட்டுதா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் மூச்சை இழுத்தேன். "ஆமா" என்றேன்.

"அப்ப ஆம்பளைப் பிள்ளைதான்!" அவள் சிரிப்பது அறை முழுக்கக் கேட்டது. எதிரே அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்று ஃபோனை நீட்டினேன். அவர் கை எழும்பவில்லை.