இடது பக்கப் பின் கதவு

மூன்று வருஷத்துக்கு முன்னால், இலங்கை மலைநாட்டில் பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயில் ஆரம்பித்த கதை இது. அக்கா மகளுக்குக் கல்யாணம் முற்றாகியிருந்தது. மணப்பெண் எங்கள் அப்பாவின் காரில்தான் மாதா கோயிலுக்குப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

அப்பாவின் கார் ஒரு பழைய ஆஸ்டின் கேம்பிரிட்ஜ். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் பதுளைக்கும் நடுவே வாடகைக்கு ஓடிய கார். பிரசவ வலி எடுத்தவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், தீபாவளிக்கும் நத்தார் பண்டிகைக்கும் உடுப்பு வாங்கப் போகிறவர்கள் என்று பாதித் தோட்டம் அதில் ஏறியிருக்கும். மழை நாளில் காருக்குள் பெட்ரோலும் வெற்றிலையும் ஈரக் கம்பளியும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். இன்றைக்கும் அந்த வாசத்துக்கு நான் எதையும் கொடுப்பேன். நான் எப்போதும் முன் ஸீட்டில், அப்பா கியர் மாற்றும்போது முழங்கை இடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் உட்கார அவர் என்னை விட்டதே இல்லை.

அந்தக் காரில் ஒரு குறை. இடது பக்கப் பின் கதவு திறக்காது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே திறக்காது. ஆறு பேர் ஏறினாலும் வலது பக்கமாக ஏறி, ஒருவர் மடியில் ஒருவராக நகர்ந்து போக வேண்டும். "டிரைவரே, அந்தக் கதவுக்குள்ள என்ன பொதையலா வச்சிருக்கீங்க?" என்று ஆட்கள் நக்கல் அடிப்பார்கள். அப்பா ஹோர்னை ஒரு தடவை அழுத்துவார்.

அப்பா போய்ப் பல வருஷமாகிவிட்டது. நானும் ஸ்கூல் வேன் ஓட்டிப் பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கழுவித் துடைத்து நிறுத்துவேன். அதுவரைக்கும் அந்தக் கதவு எனக்குத் தொல்லையாகத் தெரியவில்லை. ஆனால் கல்யாணப் பெண் சேலையோடு வலது பக்கமாக நடுரோட்டில் இறங்க முடியுமா? கோயில் வாசல் பக்கமாக, மரியாதையாக இறங்க வேண்டாமா? அந்த ஒரு கதவைத் திறக்க வைத்தால் போதும். இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது.

மொனராகலையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். "எதுக்குப்பா சிரமம், வேற கார் புடிப்போமே" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பாவின் கார் இவளுக்கு அசிங்கமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பதுளையில் எனக்குத் தெரிந்த கராஜ் மேஸ்திரி, நாங்கள் பாஸ் என்று கூப்பிடுகிறவர், கதவின் உள் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது இறுகிப்போன கதவு இல்ல. ரெண்டு போல்ட் போட்டு, தலையில வெல்டிங்கும் வச்சிருக்கு. தொறக்கவே கூடாதுன்னு செஞ்ச வேல."

"எந்த மடையன் செஞ்சான்?"

"உங்க அப்பாவாத்தான் இருக்கும். நான் சொல்றதக் கேளுங்க. மூணு கதவு தொறக்குதே, போதாதா?"

"வெட்டுங்க பாஸ்" என்றேன். ஒரு கதவுக் கொண்டியை மாற்றச் சோம்பல்பட்டு போல்ட் அடித்திருக்கிறாரே என்று, செத்துப்போன மனுஷனை அந்தக் கராஜில் வைத்தே திட்டினேன்.

போல்ட்டை வெட்டியதும் கதவைத் தாங்கிய தூணின் அடிப்பாகம் கையோடு வந்தது. துரு தின்று பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. தூணைப் பிடிக்கக் கீழே தரைத் தகடு வேண்டும். அந்தத் தகட்டை விரலால் குத்தினால் ஓட்டை விழுந்தது. தரையை மாற்ற ஸீட்டைக் கழற்றினோம். ஸீட்டுக்கு அடியில் எலி வயரைத் தின்றிருந்தது. தரைக்குக் கீழே பிரேக் குழாய் பச்சை பிடித்துக் கிடந்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வாயைப் பிளந்தது. கல்யாணத்தன்று கார் நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் நின்றது. மணப்பெண் வாடகைக் காரில் போனாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். அக்காவின் முகத்தில் வருத்தமே தெரியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒன்றரை வருஷம் ஓடியது. பின் ஸீட் எங்கள் வீட்டு ஹோலில் கிடந்தது. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்துதான் டீ குடித்தார்கள். "கார் எப்ப வரும்னு நான் கேக்கலங்க. இந்த ஸீட்டு எப்பப் போகும்?" என்று என் மனைவி கேட்பாள்.

இடையில் ஒரு நாள் அக்கா பதுளைக்கு வந்தவள், கராஜுக்கும் வந்துவிட்டாள். அவளுக்கு இடது கால் சரியில்லை. சின்ன வயதில் தேயிலை மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கணுக்கால் முறிந்தது என்று வீட்டில் சொல்வார்கள். இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். காரைச் சுற்றி வந்து, அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"தம்பி, மத்ததெல்லாம் செய். இத மட்டும் பழையபடி மூடிரு. அப்பா மூடினது."

எனக்கிருந்த எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நொண்டிக் கால வச்சுக்கிட்டு எனக்குக் கார் வேல சொல்லித்தர வந்திட்டியா?" என்றேன். பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா சிரித்தாள். "சரிடா, நீயே பெரிய இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஒருவழியாகக் கார் வந்தது. அதற்குள் அக்கா மகளுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக் கோயிலில்தான் ஞானஸ்நானம் என்று முடிவாகி, அக்காவும் மகளும் குழந்தையும் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் மருமகன் கோயிலுக்கு முன்னதாகவே போயிருந்தார்.

ஞாயிறு காலை காரை வாசலில் நிறுத்தினேன். இறங்கிச் சுற்றி வந்து, இடது பக்கப் பின் கதவை இரண்டு விரலால் திறந்தேன். நெய் தடவியது மாதிரித் திறந்தது. "ஏறும்மா" என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் குழந்தையோடு குனிந்தாள்.

"புள்ளயோட அந்தப் பக்கம் ஏறாத!"

அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. காலை இழுத்துக்கொண்டே ஓடி வந்து மகளின் தோளைப் பிடித்து இழுத்தாள். குழந்தை வீறிட்டது. எனக்கு வெறி வந்துவிட்டது.

"ஒன்றரை வருஷம் உசிரக் குடுத்து செஞ்ச கதவு! இதுல என்ன பேயா இருக்கு?"

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நீ அப்ப மூணு வயசு. நத்தார் உடுப்பு வாங்கிட்டு பதுளையிலருந்து வந்துக்கிட்டிருந்தோம். தேயில பெக்டரிக்குக் கீழ அந்த வளைவுல கதவு படார்னு தொறந்துச்சு. நீ பாதி வெளிய. காற்சட்டையப் புடிச்சு உன்ன உள்ளுக்கு எறிஞ்சேன். என் காலு வெளிய போயி மதகுக் கல்லுல மாட்டிருச்சு."

கானில் விழுந்ததாகத்தானே எல்லோரும் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அப்பா அப்படிச் சொல்லச் சொன்னாரு. கொண்டி தேஞ்சது அவருக்கு முந்தியே தெரியும். சின்ன வேலதானே, நாளைக்குச் செய்வோம்னு தள்ளிப் போட்டுட்டாரு. என்னை ஆஸ்பத்திரியில போட்ட அன்னைக்கே போல்ட் அடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் கதவ அவர் தொட்டதே இல்ல."

"அப்பா போனதுக்குப் பொறகாவது நீ சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? என் காலப் பாத்துப் பாத்து ஒரு மாதிரியாவே பேசுவ. எனக்கு அது வேணாம்டா. நீ கத்துறதே மேலு."

மகள் வலது பக்கமாகப் போய் ஏறிக்கொண்டாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அக்காவை முன் ஸீட்டில் ஏற்றினேன். அந்த வளைவு வந்ததும் கார் கிட்டத்தட்ட நின்றே விட்டது. "போடா, பூசைக்கு நேரமாச்சு" என்று அவள்தான் என் கையைத் தட்டினாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்தவனாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கோயிலுக்கு நாற்பது படி ஏற வேண்டும். வழக்கமாக நான் மேலே போய் நின்றுகொண்டு, "சீக்கிரம் வா" என்று கீழே பார்த்துக் கத்துவேன். ஐம்பது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு அவள் பக்கத்திலேயே ஏறினேன். அவள் ஒரு படி வைத்து, மற்றக் காலை இழுத்து, மூச்சு விட்டு, அடுத்த படி வைக்கும் வரைக்கும் நின்றேன். "என்னடா, உனக்கும் கால் வலியா?" என்று கேட்டாள்.

இப்போதும் அவளோடு எங்கே போனாலும் பக்கத்திலேயே நடக்கிறேன். அவ்வளவு மெதுவாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.