பாகூர் ஏரியில் இரண்டு பேர் முங்கிய காலை

இந்தப் பதிவில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

நான் சென்னையில் ஒரு சிறிய பாப்டிஸ்ட் சபையின் போதகர். பாகூர் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபைக்குப் போதகர் இல்லாததால் மாதம் ஒருமுறை போய், அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் பந்தியை நடத்திவிட்டு வருகிறேன். பொங்கல் முடிந்த ஞாயிறன்று போனது அதோடு இன்னொரு வேலைக்கும்தான். அஞ்சலைக்கு ஞானஸ்நானம்.

அஞ்சலை சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். சபைக் கதவைத் திறப்பது, பாட்டு எடுத்துக் கொடுப்பது, காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போய் ஜெபிப்பது எல்லாம் அவர்தான். ஆனால் உறுப்பினர் இல்லை. எங்களிடம் தலையில் தண்ணீர் தெளித்தால் செல்லாது, முழு ஆளும் தண்ணீருக்குள் போய் எழ வேண்டும். அதுவரை ஓட்டும் கிடையாது, பந்தியில் அப்பமும் ரசமும் கிடையாது. அஞ்சலைக்கோ தண்ணீரென்றால் நடுக்கம். சின்ன வயதில் மதகில் வழுக்கி ஏரியில் விழுந்தவர். இரண்டு முறை கரைவரை வந்து திரும்பிவிட்டார்.

பந்திக்கான திராட்சை ரசத்தைக் காய்ச்சி வடிகட்டுவதும் அவர்தான். ஞானஸ்நானம் எடுக்காத வாயில் படக் கூடாதென்று ஒரு சொட்டுகூட ருசி பார்த்ததில்லை. அதனால் ரசம் பாயசத்தைத் தோற்கடிக்கும். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சர்க்கரை அதிகம் என்று யார் சொல்வது? நானும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியவன்தான்.

சனிக்கிழமை இரவு புதுச்சேரியில் தங்கி, காலை ஐந்தரைக்குப் பாகூர் பஸ்ஸைப் பிடித்தேன். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து ஏரிக்கரைக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"ஏரிக்கா சார்? இன்னா, பறவை பாக்கவா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க. ஒரு அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்க."

"பனி கொட்டுது சார். தண்ணி ஐஸாட்டம் இருக்கும். மத்தியானமா வெச்சிக்கக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நேரத்தைச் சபை ஓட்டெடுத்து முடிவு செய்திருந்தது. எங்களுக்கு பிஷப் கிடையாது, சுவருக்கு என்ன வர்ணம் என்பதற்கும் கை தூக்குவோம். சொதப்பினால் மட்டும் போதகர் தலையில் விழும்.

கரையில் ஏறினால் எதிர்க்கரை இல்லை. தண்ணீர் எங்கே முடிந்தது, வானம் எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து பறவைகளின் சத்தம் வந்ததே தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. பஸ்ஸில் தூங்கியவன் இன்னும் விழிக்கவே இல்லையோ என்று தோன்றியது. அந்த வெண்மைக்குள் வெள்ளைப் புடவையில் அஞ்சலை நின்றிருந்தார். பக்கத்தில் சபைக் காரியங்களைக் கவனிக்கும் டீக்கன் தாவீதும் சபையாரும் இருந்தார்கள்.

நானும் அஞ்சலையும் இடுப்பளவு தண்ணீர்வரை போனோம். காலடியில் சேறு மெத்தென்று இருந்தது. முதுகில் கை கொடுத்துச் சாய்க்கப் பார்த்தேன். அவர் உடம்பு விறைத்துவிட்டது.

"முடியலய்யா. தலைல ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டா ஆவாதா?"

கரையிலிருந்து தாவீது கத்தினார். "பாஸ்டர், கேட்டுனு நிக்காதீங்க. சட்டுனு ஒரு முக்கு முக்கிடுங்க!"

இரண்டுமே எனக்குச் சுலபம்தான். தண்ணீரை ஊற்றினால் எங்கள் நம்பிக்கையையே ஏரியில் விட்ட மாதிரி. பிடித்து அமுக்கினாலோ அதற்குப் பெயர் ஞானஸ்நானம் இல்லை. மூன்றாவது முறையும் இந்த அம்மா அழுதுகொண்டு வீடு திரும்புவாரே என்று நினைத்ததும் எனக்கே அழுகை வந்தது. பனி எங்களைச் சுற்றி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"நீங்களும் கூட முங்கறீங்களாய்யா?" என்றார் அஞ்சலை. "தனியா போவத்தான் பயமா கீது."

போதகர் முங்குவதில்லை. நேராக நின்று மற்றவரைத்தான் இறக்குவோம். இத்தனை வருடமும் அப்படித்தான் நின்றிருக்கிறேன், சபை நடத்துவதிலும் அப்படித்தான். ஓட்டெடுக்க நேரமில்லை.

"முங்கறேம்மா."

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி இருவரும் கையைக் கோத்துக்கொண்டு உள்ளே போனோம். பச்சை இருட்டு. ஒரு சத்தமும் இல்லை. என் விரல்களை அவர் நெரித்தது மட்டும் தெரிந்தது. அந்த நேரத்தில் நான் யாருக்கும் தலைவன் இல்லை, அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

எழுந்ததும் அஞ்சலை இருமினார், பிறகு சிரித்தார். "அவ்ளோதானா?"

கரையில் பாட்டு கிளம்பியது. அங்கியின் உள்பையில் இருந்த என் போனும் எங்களோடு முங்கியிருந்தது. அது மட்டும் எழும்பவில்லை.

"பாஸ்டர், இது உங்களுக்கு ரெண்டாவது ஞானஸ்நானமா?" தாவீதுக்குக் கவலை.

"இல்லை தாவீது, குளியல்."

போக நினைப்பவர்களுக்கு: ஏரி நிறைந்திருப்பது மழைக்காலம் முடிந்த தை மாதத்தில்தான். விடிவதற்கு முன்பே கரையில் இருங்கள். தெரிந்தவர் துணையில்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள், சேறு ஆளை இழுக்கும். திரும்பும்போது ஆட்டோ கிடைப்பது கஷ்டம், ஏற்றிவந்தவரையே நிற்கச் சொல்லுங்கள். போனைக் கரையில் வையுங்கள். சபையில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக: மாற்றுத் துணி எப்போதும் எடுத்துப் போங்கள், தேவைப்படும்.

பந்தியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஈரத் தலையோடு அஞ்சலை முதல் முறையாக வரிசையில் உட்கார்ந்தார். கிண்ணத் தட்டு வந்ததும் பழக்கத்தில் அடுத்தவரிடம் நீட்டினார்.

"எடும்மா, உனுக்குந்தான்," என்றார் தாவீது.

எடுத்தார், குடித்தார். ஜெபிப்பார் என்று நான் காத்திருந்தேன். முகம் சுளித்தது.

"அய்யய்யோ! இம்மாஞ் சக்கரயா போட்டுனு இருந்தேன்? ஒருத்தர்கூட சொல்லலியே!"

சபை மொத்தமும் பாயைப் பார்த்தது. ஆராதனை முடிந்ததும் சர்க்கரையைக் குறைக்கலாமா என்று வழக்கம்போல ஓட்டுக்கு விட்டோம். முதலில் உயர்ந்த கை அஞ்சலையுடையது.