துண்டுக்கடியில் ஒரு கல்யாணம்

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை வைத்துத்தான் நான் என் கண்ணை அளக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து, கண்ணை அசைக்காமல் பார்ப்பேன். போன தை மாதம் ஒன்பது கட்டங்கள் தெரிந்தன. இந்த ஆவணியில் நாலு. சுற்றி இருப்பதெல்லாம் இருட்டுக்குள் போய்விட்டது. அடுப்பூதும் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல இருக்கிறது உலகம்.

இது நிற்காது, மெதுவாகக் குறைந்துகொண்டே போகும் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். "மெதுவாக என்றால் மாதத்துக்கு எத்தனை கட்டம்?" என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. காது அதற்கு முன்பே பழுது. வலது காது அறவே கேட்காது. இடது காதில் மெஷின் மாட்டியிருக்கிறேன். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் விளங்கும். இரண்டு பேர் பேசினால் உலை கொதிக்கிற சத்தம்தான்.

நில அளவையாளனாக வேலை பார்த்தவன். எதையும் எண்ணாமலும் அளக்காமலும் எனக்குச் சோறு இறங்காது. என் மனைவிக்கு இதில் தினமும் எரிச்சல்.

வீட்டுக்குள் அவள் என் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பேசுவாள். 'சா' என்றால் சாப்பாடு, 'ம' என்றால் மாத்திரை. வாசலைத் தாண்டினால் கையைத் தொடமாட்டாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் நாலு பேர் முன்னால் நாங்கள் கை பிடித்ததில்லை. அதனால் தெருவில் போகும்போது என் தோள் துண்டின் ஒரு நுனி அவள் கையில், மறுநுனி என் கையில். அவள் முன்னால், நான் பின்னால். பால் ஊற்றப் போகும் எதிர்வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாளாம்.

"என்னத்தா, மாட்டப் புடிச்சுக்கிட்டு எங்கிட்டுக் கெளம்பிட்ட?"

"சந்தைக்குத்தான். வித்துப்புட்டு வரலாம்னு பாக்குறேன். ஒருத்தரும் வெல கேக்க மாட்டேங்குறாங்க."

என் மனைவியின் அப்பா மாட்டுத் தரகர். அந்த வாய் அங்கிருந்து வந்தது.

போன வைகாசியில் குளத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தை நான் நெஞ்சால்தான் அறிவேன். கெட்டிமேளம் கொட்டினால் நெஞ்சுக்கூடு அதிரும். அன்றைக்கும் அதிர்ந்தது. உடனே மஞ்சளரிசியை வீசினேன். தாலியோ இன்னும் தட்டில்தான் இருந்தது. மேடையில் யாரோ தும்மியிருக்கிறார்கள். நல்ல நேரத்தில் தும்மல் சத்தம் கேட்கக் கூடாது என்று தவில்காரர் ஓங்கி அடித்து அதை மூடியிருக்கிறார். மண்டபத்தில் அரிசி போட்டது நான் ஒருவன்தான். அது விழுந்தது எனக்கு முன்னால் குனிந்து நின்ற வீடியோக்காரர் தலையில்.

"ஐயா, எனக்கு ஏற்கெனவே ஆயிருச்சுங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றாராம் அவர்.

மூன்று மாதம் கழித்து, இலுப்பூர் மண்டபத்தில் எங்கள் பேத்திக்குக் கல்யாணம் வைத்தார்கள். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பதமாகச் சொன்னான். "நீங்க உள் ரூம்லயே இருங்கப்பா. தாலி கட்டி முடிச்சதும் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வர்றோம்." எனக்குத் தாங்கவில்லை. அடுத்த பேத்திக்கு இப்போது ஆறு வயது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் கல்யாணத்துக்கு என் காலண்டரில் ஒரு கட்டமும் மிஞ்சாது. நான் கண்ணால் பார்க்கப்போகிற கடைசிக் கல்யாணம் இதுதான்.

கல்யாணப் பெண்ணே வந்து என் இடது காதில் சொன்னாள். "தாத்தா, நீங்க முன்வரிசைதான். ஒங்க அரிசி எந்தலையில விழணும். வீடியோக்காரரு தலையில இல்ல."

ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்தாலும் என் குழலுக்குள் ஒரு சமயத்தில் ஒன்றுதான் தெரியும். தாலியைத் தேடினால் முகம் போய்விடும். முகத்தைப் பார்த்தால் தாலி போய்விடும். யாராவது கையைத் தொட்டுச் சொல்ல வேண்டும். மனைவியிடம் கேட்டேன்.

"சம்மந்தி வீட்டு ஆளுக முன்னாலயா? மானம் போயிரும்" என்றாள்.

நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மத்தியானம் அவள் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். என் துண்டை எடுத்து என் கைமேல் விரித்தாள். அதற்கு அடியில் அவள் கை வந்து என் ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

"எங்கப்பா சந்தையில இப்படித்தான் வெல பேசுவாரு. எந்த வெரலப் புடிக்கிறாருன்னு சுத்தி நிக்கிறவனுக்குத் தெரியாது. வீட்டுல எங்களுக்கும் சொல்லிக்குடுத்து வெளையாடுவாரு."

எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏழு சைகைகள் வகுத்தேன். "இது என்ன, பட்டாவா?" என்று அவள் நாலாகக் குறைத்தாள். ஆள்காட்டி விரல்: பெண் மேடைக்கு வருகிறாள். நடுவிரல்: தாலித்தட்டு சபையில் சுற்றுகிறது. உள்ளங்கையில் ஓர் அழுத்து: தாலியில் ஒரு முடிச்சு விழுந்தது. மூன்றாவது அழுத்தில் நான் அரிசி போட வேண்டும். சுண்டுவிரல்: சும்மா இருங்க. பழகிப் பார்த்த நாட்களில் அவள் அதிகம் பிடித்தது சுண்டுவிரலைத்தான்.

கல்யாணத்தன்று புதுத் துண்டு, பச்சைக்கரை போட்டது. முன்வரிசையில் எங்கள் இரண்டு கையையும் அது மூடியிருந்தது. பின்வரிசையிலிருந்து அவள் தம்பி என் மெஷினுக்குள் கத்தினான். "என்ன மச்சான், பேரம் படியலையா? காளையா, கெடேரியா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்ததில் என் நாற்காலி ஆடியது. "பல்லைப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்" என்றேன். சுண்டுவிரல் வலித்தது.

ஆள்காட்டி விரல். குழலைத் திருப்பித் தேடினேன். ஒரு மாலை, யாருடைய முழங்கையோ, குத்துவிளக்கு, பிறகு பேத்தியின் முகம். அங்கேயே கண்ணை நிறுத்திவிட்டேன். நடுவிரல். தட்டு சுற்றட்டும். மற்றதையெல்லாம் அவள் விரல் பார்த்துக்கொள்ளும். எனக்கு முகம் போதும். பேத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

நெஞ்சு அதிர்ந்தது. நான் ஏமாறவில்லை, காத்திருந்தேன். உள்ளங்கையில் ஓர் அழுத்து. இரண்டாவது. அதோடு அவள் கை காணாமல் போய்விட்டது.

நில அளவையாளன் கணக்கில் விட்ட இடம் அது. துண்டுக்கடியில் இருந்தது அவளுடைய வலது கை. மஞ்சளரிசியை இடது கையால் போட மாட்டாள். அவளும் பாட்டிதானே, தன் அரிசியைப் போட வேண்டாமா?

பின்னாலிருந்து மற்றவர்கள் போட்ட அரிசி என் கழுத்தில் விழுந்து சட்டைக்குள் இறங்கியது. நான் மட்டும் கைநிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது அழுத்து வரவில்லையே. வராமல் நான் எப்படிப் போடுவது?

வந்தது. துண்டில்லாமல் வந்தது. அரிசி ஒட்டிய கை என் கையைப் பிடித்து அழுத்திய அழுத்தில் மோதிரம் பதிந்தது. வீசினேன். குழலுக்குள் பேத்தி என்னையே பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். முன்நெற்றி முடியில் மூன்று அரிசிகள் புதிதாக வந்து தங்கின. அந்நேரம் வேறு யாரும் போடவில்லை என்று மனைவி பிறகு உறுதியாகச் சொன்னாள். ஆகவே மூன்றும் என்னுடையவை.

பந்திக்கு எழுந்தோம். என் கை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருப்பார்கள்.

"துண்டு கீழ கெடக்கும். புதுசு. யாராவது மிதிச்சிருவாங்க" என்றேன்.

கையை விடாமலே சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள்.